நோயாளிக்கும் அவரைக் காப்பவருக்கும்: சமூகநல இலாகாவின் உதவிகள்

மனிதன் பிறர் கையை எதிர்பார்த்து வாழவேண்டிய காலங்கள் இரண்டு. ஒன்று குழந்தைப் பருவம். மற்றொன்று முதுமையோ தீரா நோயோ வந்து சேரும் காலம். இவற்றுள் முதலாவதற்குத் தோட்டப்புறங்களில் நெடுநாளாகவே ஓர் ஏற்பாடு இருந்துவந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் தாய் தன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டச் சென்றாள். தோட்டத் தொழிலாளரின் வீட்டு வசதிகளுக்கென 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்திலும் குழந்தைகள் காப்பகம் பற்றிய விதிகள் இடம்பெற்றன.

இரண்டாவது காலத்திற்கு அத்தகைய கொட்டகை எதுவும் இருந்ததில்லை. பக்கவாதத்தால் படுத்துவிட்ட தந்தையையும், நினைவு மங்கிய தாயையும், அறிவு வளர்ச்சி குன்றிய தமையனையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டாரையே சார்ந்தது. வீட்டாருள்ளும் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளில்தான் விழுகிறது. மகளோ மருமகளோ மனைவியோ தம் வேலையை விட்டு வீட்டில் தங்கிவிடுகிறார். இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம் ஒரு சம்பளத்திற்கு இறங்குகிறது. மருந்துச் செலவும் வண்டிச் செலவும் ஏறுகின்றன. சில ஆண்டுகள் சென்றபின் பார்த்தால், நோயாளி ஒருவராக இருந்த வீட்டில் பராமரித்தவரும் நோயாளியாகிவிடுகிறார்.

பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பேணுவது குடும்பத்தின் கடமை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், அந்தச் சுமை முழுவதையும் குடும்பம் ஒன்றே தாங்கவேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கூறவில்லை. இதற்கென ஓர் இலாகா உண்டு. உதவித் தொகைகள் உண்டு. வீட்டிற்கே வரும் தாதியர் உண்டு. ஆனால், இவை யாவும் விண்ணப்பித்தவருக்கே கிடைக்கும். கேளாமல் இருந்துவிட்ட குடும்பத்தைத் தேடிக்கொண்டு எந்த அலுவலகமும் தோட்டத்திற்கு வருவதில்லை. எனவே, எதனை, எங்கே, எவ்வாறு கேட்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்த அலுவலகத்திற்குச் செல்வது?

இங்கிலாந்து போன்ற நாடுகளில் இப்பணி உள்ளூர் மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அங்கு 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பராமரிப்புச் சட்டம், துணையின்றி வாழ இயலாதவரின் தேவைகளை மட்டுமல்லாது, அவரைப் பராமரிப்பவரின் தேவைகளையும் தனியாக மதிப்பிடவேண்டும் என்று மன்றங்களுக்குக் கட்டளையிடுகிறது. பராமரிப்பவரும் கவனிக்கப்பட வேண்டியவரே என்னும் அந்தக் கொள்கை நாமும் மனத்தில் இருத்தத்தக்கது.

மலேசியாவில் மாவட்ட மன்றமும் நகராண்மைக் கழகமும் குப்பை, சாக்கடை, வணிக உரிமம் போன்றவற்றைக் கவனிக்கின்றன. துணை தேவைப்படுவோரின் நலனைக் கவனிப்பது 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சமூகநல இலாகாவாகும். மக்கள் இதனைக் ‘கெபாஜிக்கான்’ என்று வழங்குகின்றனர். இவ்விலாகாவிற்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. நீங்கள் வாழும் தோட்டம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததோ, அந்த மாவட்டத்தின் சமூகநல அலுவலகமே நீங்கள் செல்லவேண்டிய இடம். நேரில் செல்ல இயலாதவர் 15999 என்னும் ‘தாலியான் காசே’ தொலைபேசி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

முதற்படி: ஓ.கே.யூ. பதிவு

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2008ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நீண்டகாலக் குறைபாடு உடையவர்கள் சமூகநல இலாகாவில் தங்களைப் பதிந்துகொண்டு அட்டை பெறலாம். இதுவே ‘ஓ.கே.யூ. அட்டை’ எனப்படுவது. கேள்விக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, உடற்குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநலக் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என ஏழு பிரிவுகளில் பதிவு நடைபெறுகிறது.

இவ்வட்டை பிறவியிலேயே குறையுடையவர்களுக்கு மட்டும் உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரும், விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவரும், நீரிழிவு நோயால் கால் நீக்கப்பட்டவரும் உடற்குறைபாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் பாரத்தில் மருத்துவர் தம் பரிசோதனை முடிவை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

மனநலக் குறைபாட்டுப் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி மனநல மருத்துவரிடம் குறைந்தது இரண்டாண்டுகள் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். ஆகவே, மருத்துவமனை குறித்துக்கொடுக்கும் தேதிகளைத் தவறவிடாமல் சென்று வருவதும், சந்திப்பு அட்டையைப் பத்திரப்படுத்துவதும் இன்றியமையாதவை. பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று பூசாரியிடம் மட்டும் அழைத்துச் சென்ற குடும்பம் நோயாளியின் சிகிச்சையையும் இழக்கிறது. பதிவுக்குரிய காலத்தையும் இழக்கிறது.

பதிவு செய்துகொள்வது கட்டாயமன்று, விருப்பத்தைப் பொறுத்தது. ஆயினும் அட்டை இல்லாதபோது பல கதவுகள் திறவா. அட்டை உடையவர் அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணச் சலுகை பெறுகிறார். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி முதலியன வாங்க வசதியற்றவர் சமூகநல இலாகாவிடம் உதவி கோரவும் இந்தப் பதிவு வழிவகுக்கிறது.

மாத உதவித் தொகைகள்

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலாகா மாதந்தோறும் வழங்கும் உதவிகளுள் நமக்கு முக்கியமானவை நான்கு.

முதலாவது, முதியோர் உதவி. அறுபது வயதைக் கடந்து, நிலையான வருமானமோ ஆதரிக்கும் பிள்ளைகளோ இல்லாத முதியவர்களுக்கு உரியது. 2021ஆம் ஆண்டில் மாதம் 500 வெள்ளியாக உயர்த்தப்பட்ட இத்தொகை, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 600 வெள்ளியாக மீண்டும் உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பதற்கான உதவி. இது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமன்றித் தீரா நோயால் படுக்கையில் வீழ்ந்தவர்களுக்கும் உரியது. இதன் நோக்கம் பராமரிப்பவரின் சுமையைக் குறைப்பது. நோயாளிக்கு முழுநேரப் பராமரிப்புத் தேவை என்பதை மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும். 2021ஆம் ஆண்டில் இத்தொகை 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது.

மூன்றாவது, வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி. இது அதே ஆண்டில் 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியாயிற்று.

நான்காவது, குறைபாட்டோடும் உழைத்துப் பிழைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஊக்கத் தொகை. இது 400 வெள்ளியிலிருந்து 450 வெள்ளியாயிற்று. வேலைக்குச் சென்றால் உதவி நின்றுவிடும் என்று அஞ்சி, உழைக்க விரும்பும் பிள்ளையை வீட்டிலேயே அடைத்து வைத்திருக்கும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். குறைந்த ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளியின் உழைப்பை ஊக்குவிக்கவே இத்தொகை ஏற்படுத்தப்பட்டது.

இத்தொகைகளும் இவற்றுக்குரிய வருமான வரம்பும் அவ்வப்போது மாற்றியமைக்கப்படுபவை. எனவே, சில ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்டவர் மீண்டும் விண்ணப்பித்துப் பார்ப்பது பயன் தரக்கூடும்.

சொக்சோவை மறந்துவிடலாகாது

மேற்கூறியவை வருமானத்தைக் கணக்கிட்டு வழங்கப்படும் உதவிகள். சொக்சோ அவ்வாறன்று. அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்பட்ட சந்தாவினால் அவர் ஈட்டிக்கொண்ட உரிமை. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடிப்படை.

வேலையில் ஏற்படும் விபத்துக்கு மட்டுமே சொக்சோ பணம் தரும் என்பது தோட்டங்களில் பரவலாக நிலவும் எண்ணம். உண்மையில் இயலாமை ஓய்வூதியத் திட்டம் என்று மற்றொன்றும் உண்டு. நோய் எங்கே எப்படி வந்ததாயினும், அது தீராததாக இருந்து, அதனால் தொழிலாளி தம்மையொத்த நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாதவராகிவிட்டால், மருத்துவ வாரியத்தின் சான்றின்பேரில் அவருக்கு மாத ஓய்வூதியம் வழங்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐம்பது வயதுள்ள பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டார். அவருடைய சராசரி மாத ஊதியம் 1,700 வெள்ளி என்றும், அவர் 12 ஆண்டுகள், அதாவது 144 மாதங்கள், இடைவிடாது சந்தா செலுத்தியவர் என்றும் கொள்வோம். ஓய்வூதியத்தின் அடிப்படை விகிதம் 50 விழுக்காடு. முதல் 24 மாதங்களுக்கு மேற்பட்ட ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் ஒரு விழுக்காடு கூடும். இவருக்கு 24 மாதங்கள் போக எஞ்சியவை 120 மாதங்கள். ஆகவே 10 விழுக்காடு கூடி 60 விழுக்காடாகிறது. 1,700 வெள்ளியில் 60 விழுக்காடு 1,020 வெள்ளி. இந்த விகிதம் 65 விழுக்காட்டுக்கு மேல் செல்லாது.

அவர் தாமாக எழவோ உண்ணவோ இயலாது, எந்நேரமும் பிறர் துணை தேவைப்படுபவர் என்று மருத்துவ வாரியம் சான்றளித்தால், இடையறாப் பராமரிப்புக்கென மாதம் 500 வெள்ளி மேலும் வழங்கப்படும். ஆக, அக்குடும்பத்திற்கு மாதம் 1,520 வெள்ளி வர வாய்ப்புண்டு. ஓய்வூதியம் பெற்றுவந்தவர் காலமானால், அவரைச் சார்ந்திருந்தோருக்கு வாரிசு ஓய்வூதியமும் உண்டு.

இத்தகைய உரிமை எவ்வாறு கைநழுவுகிறது? நோயுற்ற தொழிலாளி ‘இனி என்னால் முடியாது’ என்று வேலையை விட்டு விலகுகிறார். ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தை எடுத்துக்கொள்கிறார். சொக்சோவைப் பற்றி அவரிடம் எவரும் கூறுவதில்லை. ஆண்டுகள் கடந்தபின் மருத்துவக் குறிப்புகள் கிடைப்பது கடினமாகிறது. நோயின் தொடக்கத்தை மெய்ப்பிப்பதும் அரிதாகிறது. அறுபது வயதுக்கு முன்னரே இயலாமை ஏற்பட்டது என்பதும், நோய் வருமுன் போதிய மாதங்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டது என்பதும் மிக முக்கியம். பொதுவாக, விண்ணப்பத்திற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத்திற்குத் தகுதியுண்டு. ஆகையால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவுடனேயே அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தை நாடவேண்டும்.

வீடு தேடி வரும் சேவைகள்

பணம் மட்டுமே உதவியாகாது. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவும், குழாய் வழி உணவு ஊட்டவும், படுக்கைப் புண்ணைக் கழுவவும் தெரிந்திருக்க வேண்டும். தோட்ட டிரஸ்ஸர் ஒருவர் லயத்துக்கு வந்து பார்த்துச் சென்ற காலம் பல இடங்களில் மறைந்துவிட்டது. அவ்விடத்தை ஓரளவு நிரப்புவதற்குச் சுகாதார அமைச்சு வீட்டுப் பராமரிப்புச் சேவையை நடத்துகிறது. அரசாங்கச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த மருத்துவக் குழுவினர் படுக்கையிலுள்ள நோயாளியின் வீட்டிற்கே சென்று சிகிச்சை அளிப்பதோடு, வீட்டாருக்கும் பயிற்சி அளிக்கின்றனர். நோயாளியை மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே, இச்சேவைக்குப் பரிந்துரைக் கடிதம் தரமுடியுமா என்று வார்டு மருத்துவரிடம் கேட்பது நலம்.

தனியே வாழும் முதியவர்க்கும் மாற்றுத்திறனாளிக்கும் உதவச் சமூகநல இலாகா ‘வீட்டில் உதவி’ என்னும் திட்டத்தை நடத்துகிறது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீட்டிற்கு வந்து பேச்சுத்துணையாக இருப்பர். சிறுசிறு வேலைகளில் கைகொடுப்பர். மருத்துவமனைக்கு உடன் செல்வர்.

மாற்றுத்திறனாளிகள் பகலில் சென்று பயிற்சி பெற, சமூகத்தினூடே மறுவாழ்வு அளிக்கும் ‘பி.டி.கே.’ மையங்கள் உள்ளன. 1984ஆம் ஆண்டில் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. மகன் அங்கே செலவிடும் சில மணி நேரம் தாய்க்கும் ஓய்வு நேரமாகிறது. முதியோர் கூடிப் பொழுதுபோக்கவும் உடற்பயிற்சி செய்யவும் ‘பாவே’ எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்களும் உண்டு.

உறவினர் எவருமில்லாத ஏழை முதியவர்களுக்கு ‘ரூமா ஸ்ரீ கெனாங்கான்’ என்னும் அரசாங்க இல்லங்கள் உள்ளன. ஆதரவற்றவராய்ப் படுக்கையிலும் வீழ்ந்தவர்களுக்கென ‘ரூமா ஏசான்’ இல்லங்கள் கோலக்குபு பாருவிலும் டுங்குனிலும் அமைக்கப்பட்டன. தனியார் இல்லத்தில் முதியவரைச் சேர்க்க நினைப்போர், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி அவ்வில்லம் பதிவு பெற்றதா என்பதைக் கேட்டறிந்து, சான்றிதழைக் கண்ணால் கண்டபின்னரே பணம் செலுத்தவேண்டும்.

பராமரிப்பவரைப் பராமரிப்பது யார்?

நோயாளியின் நலம் பராமரிப்பவரின் நலத்தைப் பொறுத்தது. அவருடைய இடுப்பு முறிந்தால் இருவரும் படுக்கையில் விழுவர். எனவே சில எளிய முறைகளைக் கைக்கொள்ள வேண்டும்.

படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் திருப்ப வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். சிவப்பே புண்ணின் முதல் அறிகுறி. உணவு ஊட்டும்போது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஊட்டிய பின்னும் அரைமணி நேரம் அவ்வாறே இருக்கவிட வேண்டும். படுத்தவாறு ஊட்டினால் உணவு மூச்சுக் குழாய்க்குள் சென்று நுரையீரலைக் கெடுக்கும். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். பாரம் மிகுந்தால் இன்னொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இவற்றோடு ஓய்வும் வேண்டும். வாரத்தில் ஒரு பகலேனும் தமையனோ தங்கையோ வந்து அமர்ந்து, பராமரிப்பவரை வெளியே செல்லவிடுவது குடும்பத்தின் பொறுப்பு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு தம் பங்கு முடிந்தது என்று எண்ணலாகாது. உறக்கமின்மை, ஓயாத அழுகை, காரணமின்றி எழும் கோபம், உயிர் வாழ்வதில் வெறுப்பு ஆகியவை பராமரிப்பவரிடம் தோன்றினால் அவை சோம்பேறித்தனமும் அல்ல, சலிப்பும் அல்ல. மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள்.

வேலையை விட்டு வீட்டிலிருக்கும் பெண்ணின் எதிர்காலத்தையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். இல்லத்தரசிகளின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிக்காக ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா செலுத்தினால், வீட்டு வேலையின்போது ஏற்படும் விபத்துக்கும் தீரா நோயால் வரும் இயலாமைக்கும் சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. கணக்கிட்டால் மாதத்திற்குப் பத்து வெள்ளியே ஆகிறது.

துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு

சொல்லக் கூசும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். துணையற்றவர் சில வீடுகளில் அடிக்கப்படுகின்றனர், பட்டினி போடப்படுகின்றனர், அறையில் பூட்டி வைக்கப்படுகின்றனர், அவருடைய ஓய்வூதியத்தை வேறொருவர் எடுத்துக் குடித்துத் தீர்ப்பதும் உண்டு. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டும் உரியதன்று. நோயினாலோ முதுமையினாலோ குறைபாட்டினாலோ இயலாதவராகிக் குடும்பத்தில் ஒருவராக வாழும் பெரியவரும் அதன் பாதுகாப்புக்கு உரியவர். அவருடைய பொருளை நேர்மையின்றி அபகரித்துத் துயருறச் செய்வதும் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குடும்ப வன்முறையே. அத்திருத்தம், சமூகநல அதிகாரி ஏழு நாள்களுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணையைத் தாமே பிறப்பிக்கவும் வழிசெய்தது. அண்டை வீட்டார் காவல் நிலையத்திலோ சமூகநல அலுவலகத்திலோ 15999 எண்ணிலோ தகவல் தெரிவிக்கலாம்.

விண்ணப்பிக்கும் முறை

சமூகநல உதவி கோருவோர் ஓர் உறையில் பின்வருவனவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது பல அலைச்சலைத் தவிர்க்கும்: வீட்டிலுள்ள அனைவரின் அடையாள அட்டை அல்லது பிறப்புப் பத்திர நகல்கள், வேலை செய்வோரின் சம்பளச் சீட்டுகள், மருத்துவ அறிக்கை, ஓ.கே.யூ. அட்டை இருப்பின் அதன் நகல். வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகல்.

பாரம் மலாய் மொழியில் இருக்கும். நிரப்பத் தெரியாதவர் பள்ளியில் பயிலும் பிள்ளையையோ, ஆசிரியரையோ, தோட்டக் கிராணியையோ, தொழிற்சங்கத் தலைவரையோ நாடலாம். விண்ணப்பத்தைக் கொடுத்தபின் அதிகாரி வீட்டிற்கு வந்து விசாரிப்பார். அவரிடம் உள்ளதை உள்ளவாறே சொல்ல வேண்டும். வருமானத்தை மறைத்தால் பின்னர் தொல்லை நேரும். வறுமையை மறைத்தால் உதவி நேராது. விருந்தினர் வருகிறார் என்று வீட்டை அலங்கரித்து, ‘ஒரு குறையும் இல்லை’ என்று கூறிவிடும் மானமுள்ள குடும்பங்களுக்காக இதனைச் சொல்கிறோம்.

விண்ணப்பம் கொடுத்த தேதியையும் பெற்றுக்கொண்ட அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராவிடில் மீண்டும் சென்று கேளுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டறிந்து, குறையை நிறைவுசெய்து மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

சில ஐயங்களும் விடைகளும்

‘அரசாங்கத்திடம் கையேந்துவது இழுக்கல்லவா?’ இழுக்கன்று. சொக்சோ நீங்கள் செலுத்திய சந்தா. மற்ற உதவிகள் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வருபவை. கடைச் சாமான் வாங்கும்போதும் பெட்ரோல் ஊற்றும்போதும் நாட்டின் பொருளாதாரத்தில் நீங்களும் பங்கு கொள்கிறீர்கள். நாற்பதாண்டு மரம் வெட்டிய கை, தளர்ந்த காலத்தில் பெறுவது பிச்சையாகாது.

‘எங்களுக்குச் சிவப்பு அடையாள அட்டைதான் உள்ளது, என்ன செய்வது?’ சமூகநல மாத உதவிகள் குடிமக்களுக்கு உரியவை. ஆகவே, அட்டைச் சிக்கலைத் தீர்ப்பதே முதல் வேலையாகிறது. பழைய பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், பள்ளிச் சான்று, தோட்டப் பதிவேட்டுக் குறிப்பு முதலிய எதனையும் எறிந்துவிடாமல் தேசியப் பதிவு இலாகாவிற்கு எடுத்துச் செல்லுங்கள். சொக்சோவின் உரிமையோ சந்தாவை அடிப்படையாகக் கொண்டது. அதனை இங்கே குழப்பிக்கொள்ளலாகாது.

‘தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் வேறு மாவட்டத்திற்குச் செல்கிறோம், உதவி தொடருமா?’ உதவி பெறுவோர் குடிபெயர்ந்தால் பழைய மாவட்ட அலுவலகத்திற்கு உடனே தெரிவித்து, கோப்பைப் புதிய மாவட்டத்திற்கு மாற்றும்படி கேட்க வேண்டும். தெரிவிக்காமல் சென்றால், அடுத்த மறுஆய்வில் வீடு பூட்டிக்கிடப்பதைக் கண்டு உதவி நிறுத்தப்படலாம்.

‘நோயாளி காலமாகிவிட்டால்?’ அலுவலகத்திற்கு அறிவித்துவிட வேண்டும். அதன்பின் வரவு வைக்கப்பட்ட பணத்தை எடுத்துச் செலவழித்தால் திருப்பிச் செலுத்த நேரிடும்.

நாம் செய்யக்கூடியது

லயத்து வாழ்க்கையில் ஒரு நன்மை இருந்தது. யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும். இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயங்கள் குறைந்து, நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். ஐந்தாம் மாடியில் மூடிய கதவுக்குப் பின்னால் படுத்திருப்பவரை எவரும் காண்பதில்லை. ஆகவே, பழைய லயத்துப் பழக்கத்தை நாம் அறிந்தே பேணவேண்டியுள்ளது.

கோயில் நிர்வாகக் குழுவும், 1954ஆம் ஆண்டு முதல் தோட்டத் தொழிலாளருக்காக இயங்கிவரும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைகளும், மாதர் சங்கங்களும் தத்தம் வட்டாரத்தில் படுக்கையிலிருப்போர், தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை குறிக்கலாம். ஓ.கே.யூ. பதிவு ஆயிற்றா? சொக்சோவில் கேட்டாயிற்றா? பராமரிப்பவர் யார், அவர் எப்படி இருக்கிறார்? ‘இல்லை’ என்று விடை வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் பொறுப்பேற்று, பாரத்தை நிரப்பி, அலுவலகம் வரை உடன் சென்றால் போதும்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடலாகாது. நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு செல்கிறவர்கள் அவருடைய உடல்நிலையை விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்கும் மகளிடம், ‘நீ நேற்று உறங்கினாயா, அம்மா?’ என்று ஒரு வார்த்தை கேட்டு, ‘நாளை இரண்டு மணி நேரம் நான் வந்து உட்காருகிறேன், நீ கெபாஜிக்கான் அலுவலகத்திற்குப் போய் வா’ என்று சொல்பவரே அந்த வீட்டிற்கு உண்மையான உதவியைக் கொண்டு சேர்த்தவராவார்.